மலைச்சரிவில் பழைய டிராக்டர்

காந்திகிராமத்தை அடுத்த சிறுமலையில் வாழைத்தார் சுமக்கக் குதிரைகளை வைத்திருப்பதை அறிவீர்கள். பழைய சிறு டிராக்டருக்குப் பெரிய சக்கரம் பூட்டினால் அத்தகைய சரிவிலும் உழலாம் என்ற யோசனை தவறு. சக்கரத்தோடு ஈர்ப்பு மையமும் உயர்கிறதே!

கணக்கிட்டுப் பாருங்கள். இரு சக்கரங்களுக்கிடையே 90 செ.மீ., மையத்தின் உயரம் 60 செ.மீ. எனில், சரிவுக்குக் குறுக்கே நிற்கும் வண்டி ஏறக்குறைய 37 பாகையில் கவிழும். மையம் 10 செ.மீ. உயர்ந்தால் 33 பாகையே போதும். இதுவும் ஏட்டுக் கணக்குதான். ஓட்டத்தில் ஒரு கல் பல பாகைகளை விழுங்கிவிடும்.

மாறாக, சக்கர இடைவெளியை 120 செ.மீ. ஆக்கினால், பழைய உயரத்திலேயே 45 பாகை கிட்டும். அச்சின் தாங்குதிறனை முதலில் சோதியுங்கள். ஓட்டுநர் நசுங்காதிருக்க இருக்கை வாரும் இரும்புக் காப்புச் சட்டமும் வேண்டும். சுவீடன் 1959இலேயே புதிய டிராக்டர்களுக்கு இச்சட்டத்தைக் கட்டாயமாக்கியது.