புல்லியைத் தட்டி ஏற்றலாமா?

எஞ்சினுக்கு வலு கூட்டும் வேலையில் பிஸ்டனையும் கேம் ஷாஃப்ட்டையும் பற்றி மணிக்கணக்கில் பேசுகிறோம். கிராங்க் ஷாஃப்ட்டின் முன்முனையில் உட்காரும் புல்லி ஏற மறுக்கும்போதுதான் அதன் ஞாபகமே வருகிறது. புதுப் புல்லி பாதி தூரம் போய் நின்றுவிடும். நம் பட்டறைகளில் அப்போது கை தானாகச் சுத்தியலுக்குப் போகும். மரக்கட்டையை வைத்து நாலு தட்டு. உட்கார்ந்துவிட்டால் வேலை முடிந்தது. இதை முரட்டுத்தனம் என்று ஒரேயடியாக ஒதுக்குகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. சரியான முறை என்று ஏற்கவும் மனம் வரவில்லை.

அதன் பக்கத்து நியாயத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். 1955-இல் வந்த செவர்லே சிறிய வி8 குடும்பத்தின் தொடக்ககாலக் கிராங்க்குகள் பலவற்றில், முன்முனையில் போல்ட்டுக்கான துளையே கிடையாது. தொழிற்சாலையில் புல்லியை அழுத்தி ஏற்றி அனுப்பினார்கள். மரை இல்லாத முனையில் மெக்கானிக் எதைப் பிடித்து இழுப்பார்? தட்டித்தான் ஏற்றினார். அனுபவசாலிக்குச் சத்தத்திலேயே நிலவரம் தெரியும். நேராக ஏறும் புல்லியின் சத்தம் வேறு, கோணலாகச் சிக்கியதன் சத்தம் வேறு. முட்டி உட்கார்ந்ததும் ஒலி சட்டென்று கெட்டியாகிவிடும். அந்தக் காது பல வருட உழைப்பில் வருவது. அதை நான் மதிக்கிறேன்.

ஆனால் அடி புல்லியோடு நிற்பதில்லை. கிராங்க் முன்னும் பின்னும் அசைய விட்டிருக்கும் இடம் பல எஞ்சின்களில் 0.1 முதல் 0.2 மி.மீ. தான். அந்த அசைவைக் கட்டுப்படுத்துபவை மென்உலோகம் பூசிய திரஸ்ட் வாஷர்கள். முன்னாலிருந்து விழும் அடி போய்ச் சேர்வது அவற்றிடம். புல்லிக்குள்ளும் ஒரு பலவீனம் உண்டு. கிராங்க்கின் அதிர்வை அடக்கும் வகையில், நடுக்குடத்துக்கும் வெளிவளையத்துக்கும் இடையே ரப்பர் இருக்கிறது. வெளிவளையத்தில் அடி விழுந்தால் ரப்பரின் பிடி விட்டு, வளையம் நாளடைவில் நழுவும். பழைய எஞ்சின்கள் பலவற்றில் டைமிங் குறி இருப்பதோ அந்த வளையத்தில். குறி நகர்ந்தபின் எத்தனை கவனமாக டைமிங் வைத்தாலும் தீப்பொறி தப்பான நேரத்தில்தான் விழும். வண்டி இழுக்கவில்லை என்று வேறொரு பட்டறையில் கார்புரேட்டரைக் கழற்றிக்கொண்டிருப்பார்கள். தட்டியவருக்குச் செய்தியே போகாது; போகாததால் அடுத்த வண்டியிலும் அதே கை, அதே சுத்தியல். இந்தப் பழக்கத்தின் ஆகப்பெரிய குறையாக நான் பார்ப்பது இதைத்தான்.

சுத்தியலுக்குப் பயந்தவர்கள் கிராங்க் போல்ட்டைப் போட்டே இழுக்கிறார்கள். அதன் நீளம் போதாது. தொடக்கத்தில் இரண்டு மூன்று மரைதான் பிடிக்கும், மொத்த இழுவையும் அவற்றின் மேல். உள்மரை உரிந்தால் எஞ்சினையே இறக்க வேண்டி வரலாம்.

எனக்கு அதிகக் கவலை தருவது இன்னொரு வழி, பார்ப்பதற்கு அது சாதுவாக இருப்பதால். கிராங்க் முனையை உப்புத்தாளால் தேய்த்து, கையால் தள்ளினாலே புல்லி ஏறும்படி செய்துவிடுகிறார்கள். துருவையும் பிசிறையும் எடுக்கலாம். இறுக்கத்தையே எடுத்துவிடக் கூடாது. புல்லி சுழலாமல் கிராங்க்கின் பள்ளத்தில் பூட்டும் கீயைக் காட்டி, "அதான் கீ இருக்கே" என்பார்கள். இப்படி இறுக்கி ஏற்றும் புல்லியில், முறுக்குவிசையின் பெரும்பகுதியைத் தாங்குவது அந்த இறுக்கமும் போல்ட்டின் பிடியும்தான். இறுக்கம் போனால், ஆடும் கீ தன் பள்ளத்தை அடித்தடித்து அகலமாக்கிவிடும். ஜெனரல் மோட்டார்ஸ் 1997-இல் கொண்டுவந்த எல்எஸ் எஞ்சின்களில் புல்லிக்குக் கீயே கிடையாது. அவற்றில் சூப்பர்சார்ஜர் பூட்டுகிறவர்கள், பெல்ட்டின் கூடுதல் இழுவைக்குப் புல்லி சுழன்றுவிடாதபடி முனையில் துளைபோட்டு அதில் ஒரு 'பின்'னை (pin) இறக்குகிறார்கள். வலுவைக் கூட்டும்போது பிடியையும் கூட்டுகிறார்கள். நாம் அதே வேலையில் பிடியைத் தேய்த்துக் கழிக்கிறோம்!

இத்தனைக்கும் மாற்றுவழி பெரிய செலவில்லாதது. புல்லியைக் கொதிநீரில் போட்டால், 40 மி.மீ. துளை சுமார் 0.03 மி.மீ. விரியும். இறுக்கமே நூறில் சில பங்கு மில்லிமீட்டர்தான் என்பதால் அந்த விரிவு பெரிய உதவி. கேஸ் நெருப்பைக் காட்டக் கூடாது, ரப்பர் கருகிவிடும். பிறகு கிராங்க் மரைக்கு ஏற்ற நீளமான மரைக்கம்பியை உள்ளே ஆழமாக முடுக்கி, நட்டுக்குக் கீழே ஒரு திரஸ்ட் பேரிங்கை வைத்து நிதானமாக இழுக்கலாம். கம்பியை எந்த லேத் பட்டறையிலும் கடைந்து தருவார்கள்.

அதற்கும் ஏறவில்லை என்றால் அளவில்தான் கோளாறு. மைக்ரோமீட்டரால் முனையையும், போர் கேஜால் துளையையும் அளக்க வேண்டும். துளை சிறுத்திருந்தால், வேண்டிய இறுக்கத்தை விட்டு ஹோனிங் செய்து வாங்கலாம். இதற்கு அரை நாள் போகும். சாயங்காலமே வண்டி வேண்டும் என்று நிற்கும் நாமும் அந்தச் சுத்தியலைக் கையில் எடுத்துக் கொடுத்தவர்கள்தான். அளக்கும் நேரத்துக்கு மெக்கானிக் தனிக்கூலி கேட்டால், பேரம் பேசாமல் கொடுத்துவிடுங்கள்.