பெர்ரியின் வரைபடமும் கடலூர் ரோடும்

கிளாரன்ஸ் பெர்ரி 1929-ல் நியூயார்க் வட்டாரத் திட்டத்துக்காக எழுதிய குடியிருப்பு அலகு பற்றிய கட்டுரையை மறுபடி படித்தேன். விஷயம் எளிமையானது: தொடக்கப்பள்ளி நடுவில், பெரிய சாலைகள் எல்லையில். பிள்ளை மெயின் ரோட்டைக் கடக்காமலே பள்ளிக்குப் போகணும். சண்டிகரின் 800-க்கு 1200 மீட்டர் செக்டர்களிலும் இந்தச் சாயல் தெரியும்.

பாகூர் கொம்யூன் பிள்ளையார்குப்பத்தில் படம் தலைகீழ். மருத்துவக் கல்லூரி, கடை, பஸ் ஸ்டாப் எல்லாம் புதுச்சேரி–கடலூர் சாலையை ஒட்டித்தான். "ஸ்கூல் பக்கத்துலதானே" என்றால், ரோட்டுக்கு எந்தப் பக்கம் என்று கேட்க வேண்டியிருக்கிறது.

கல்வி உரிமைச் சட்டத்தின் 2010 மத்திய விதிகள் ஐந்தாம் வகுப்பு வரை 1 கி.மீ., எட்டாம் வகுப்பு வரை 3 கி.மீ. என்கின்றன. வழியில் ஆபத்து இருந்தால் அந்த எல்லையைக் குறைக்கவும் சொல்கின்றன. நாம் கிலோமீட்டரை மட்டும் பிடித்துக்கொண்டோம்.

பெர்ரியிடம் எனக்கு ஒரு குறை உண்டு. பெற்றோர் பள்ளியைத் தேர்ந்தெடுப்பதற்கு அவர் வரைபடத்தில் இடமில்லை. பக்கத்தில் அரசுப் பள்ளி, மனசில் டவுன் கான்வென்ட் என்றால் கடைசியில் வேன்தான் ஜெயிக்கும். டவுனுக்குக் குடிபோக யோசிப்பவர்கள் வாடகை பேசும் முன், காலை எட்டரைக்குப் பிள்ளையோடு அந்த வழியை ஒருமுறை நடந்து பாருங்கள்.