கட்டுண்ட ரசமும் ஓடும் ரசமும்: சித்தர் குளிகையை விண்கல உந்துவிசையாக வாசித்தல் குறித்து

திறவுச்சொற்கள்: கொல்லிமலை, சித்தர் இலக்கியம், ரசவாதம், கெவுன குளிகை, அயனி உந்துபொறி, மயிற்பொறி

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலை சங்கப் பாடல்களில் வல்வில் ஓரியின் மலையாகவும் கொல்லிப்பாவையின் இருப்பிடமாகவும் அறியப்படுவது. பிற்கால மரபு அதனைச் சித்தர் மலையாக்கியது. ஆகாயகங்கை அருவியை அடுத்துள்ள குகைகள் கோரக்கர், காலாங்கிநாதர் பெயர்களால் வழங்குகின்றன. ரசத்தைக் கட்டிச் செய்த குளிகையை வாயில் அடக்கிச் சித்தர்கள் வான்வழிச் சென்றனர் என்பது அம்மரபின் நம்பிக்கை. இந்நம்பிக்கையை இன்றைய விண்கலப் பொறியின் முன்னறிவாகக் காட்டும் போக்கு மேடைப்பேச்சோடு நில்லாமல் ஆய்வேடுகளுக்குள்ளும் நுழைந்துவருவதால் அதனைப் பரிசீலிக்க வேண்டியுள்ளது.

இப்போக்கினர்க்கு வலுவான சான்றாக அமைவது பாதரசம். குளிகையின் மூலப்பொருள் பாதரசம். விண்வெளியில் முதன்முதலாக இயங்கிய அயனி உந்துபொறியின் எரிபொருளும் அதுவே. 1964 ஜூலை 20 அன்று அமெரிக்காவின் நாசா ஏவிய செர்ட்-1 கலத்தில் பாதரச உந்துபொறி ஏறத்தாழ அரைமணி நேரம் இயங்கியது. 1970இல் செர்ட்-2 தொடர்ந்தது. இவ்வொற்றுமை மெய்யானது. ஆனால் பொருள் ஒன்றாயிருப்பதனால் கருத்தும் ஒன்றாகிவிடாது.

உந்துபொறியில் பாதரசம் தேர்ந்தெடுக்கப்பட்டதற்குக் காரணங்கள் தெளிவானவை. அதன் அணு கனமானது; எளிதில் மின்னேற்றம் பெறும்; நீர்மமாகச் சிறிய கலனில் அடங்கும். அதனை ஆவியாக்கி, மின்னேற்றி, மின்னழுத்தத்தால் நொடிக்குப் பல பத்து கிலோமீட்டர் வேகத்தில் பின்னோக்கி வீசுகின்றனர். வீசப்பட்ட ரசம் திரும்புவதில்லை. அது கலத்தைவிட்டு நீங்குவதனாலேயே கலம் முன்னே செல்கிறது. கிடைக்கும் விசையோ மில்லி நியூட்டன் அளவினது. காற்றற்ற வெளியில் மாதக்கணக்கில் இயங்கிப் பயன்தரும் அவ்விசை ஒரு மனிதரைத் தரையிலிருந்து தூக்கவும் போதாது.

ரசவாதத்தின் தருக்கம் இதற்கு நேர்எதிரானது. இயல்பாக ரசம் ஓடுவது. தீயில் வைத்தால் புகையாகிப் பறந்துவிடுவது. அந்த ஓட்டத்தை நிறுத்துவதே சித்தர் மரபில் ‘கட்டு’ எனப்படுகிறது. தீக்கு ஓடாது நின்று, சாரணை ஏற்ற மணியே குளிகையாகிறது. அதாவது, பறக்கும் இயல்பை இழந்த ரசம் தன்னை அடக்கியவர்க்குப் பறக்கும் ஆற்றலைத் தருகிறது. இம்முரணே அப்பாடல்களின் உயிர். மூச்சைக் கட்டுதல், மனத்தைக் கட்டுதல் என்னும் யோக நெறியோடு ரசக்கட்டு ஒரே சொல்லால் இணைவதும் இதனால்தான். குளிகையை எரிபொருளாக வாசிப்பவர் கட்டு என்னும் சொல்லைக் கைவிட்டே அவ்வாறு வாசிக்க முடியும். பாடலின் நடுத்தூணை அகற்றிவிட்டுக் கூரையைப் புகழ்வது போன்றது அது.

பாதரச விமானத்துக்கு அடுத்த சான்றாகக் காட்டப்பெறும் ‘வைமானிக சாஸ்திரம்’ குறித்து நீள எழுத வேண்டியதில்லை. பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவன ஆய்வாளர் ஐவர் 1974இல் அதனை ஆராய்ந்து, நூல் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தது என்றும், அதில் கூறப்படும் கலங்கள் பறக்க இயலாதவை என்றும் காட்டிவிட்டனர். அரைநூற்றாண்டு கடந்தும் அம்முடிவை அறியாதவர்போல் எழுதுவது ஆய்வு ஒழுக்கத்துக்கு இழுக்கு.

மெய்ப்பிக்கப்படாத கருத்துகளுக்கு அறிவியலில் இடமில்லை என்பதன்று இங்கு வாதம். 1994இல் மிகுவேல் அல்குபியர் ஒளியை விஞ்சும் பயணத்துக்கு ஒரு கணித வடிவம் தந்தபோது, அதற்கு எதிர்மறை ஆற்றல் வேண்டும் என்னும் தடையையும் உடன் கூறினார். ஒரு கருதுகோள் தனக்கான விலையைத் தானே சொல்ல வேண்டும். குளிகையை உந்துவிசை என்போர் எது பின்னே தள்ளப்படுகிறது, ஆற்றல் எங்கிருந்து வருகிறது என்னும் இரு வினாக்களையும் எழுப்புவதே இல்லை. பாதரசப் பொறியின் பிற்கால வரலாறும் அவர்கள் எழுத்தில் இடம்பெறுவதில்லை. நச்சுத்தன்மையால் அது கைவிடப்பட்டு செனான் வாயு அவ்விடத்தைப் பெற்றது. 2017இல் இஸ்ரோ ஏவிய ஜிசாட்-9 செனானையே பயன்படுத்தியது. 2022இல் மினமாட்டா உடன்படிக்கை நாடுகள் விண்கல எரிபொருளாகப் பாதரசத்தை 2025க்குள் விலக்க முடிவுசெய்தன.

தமிழில் பறக்கும் பொறியைத் தேடுவோர் சீவக சிந்தாமணிக்குச் செல்வது பொருத்தம். நாமகள் இலம்பகத்து மயிற்பொறி துணி, நூல், அரக்கு, மெழுகு முதலியவற்றால் ஏழு நாளில் செய்யப்பட்டது. விசையை வலப்புறம் திருப்பினால் மேலெழும். இடப்புறம் திருப்பினால் இறங்கும். செய்பொருள், செய்காலம், இயக்கும் முறை ஆகிய மூன்றையும் திருத்தக்கதேவர் கூறுகிறார். விசையைத் திருப்பப் பழகியவள் அரசி விசயை என்பதையும் மறக்கவில்லை. எது அதனை உந்துகிறது என்பதை மட்டும் அவர் கூறவில்லை. காப்பியத்துக்கு அது தேவைப்படவுமில்லை. கட்டியங்காரனின் சூழ்ச்சியிலிருந்து கருவுற்ற ஒருத்தி தப்ப வேண்டும். பொறி அவளை இறக்கிய இடம் சுடுகாடு, அங்கேதான் சீவகன் பிறக்கிறான்.