திறந்த மூலமும் பெண்களும்: மூன்று எழுத்துக்களை முன்வைத்து ஒரு நோக்கு

மென்பொருளின் மூலநிரலை எவரும் வாசிக்கவும் திருத்தவும் பிறருக்கு வழங்கவும் இடமளிக்கும் திறந்த மூல இயக்கம், திறமையொன்றையே அளவுகோலாகக் கொண்ட சமூகமாகத் தன்னைக் கருதி வந்துள்ளது. அனுப்பப்படும் நிரலுக்கு ஆண், பெண் என்னும் பால் இல்லை. நிரல் நன்றாயிருப்பின் ஏற்கப்படும் என்பது அவ்வியக்கத்தவர் அடிக்கடி கூறுவது. இக்கூற்று உண்மையாயின் ஒரு வினாவுக்கு விடை காணவேண்டும். ஐரோப்பிய ஆணைக்குழுவின் நிதியுதவியுடன் நடைபெற்று 2006 இல் வெளிவந்த ஆய்வொன்று, திறந்த மூலச் சமூகங்களில் பெண்கள் ஏறத்தாழ 1.5 சதவீதத்தினர் என்றும், தனியுடைமை மென்பொருள் துறையில் அவர்கள் 28 சதவீதத்தினர் என்றும் கூறியது. கதவைப் பூட்டி வைத்திருக்கும் கம்பனிகளுக்குள் நுழைந்த பெண்கள், கதவே இல்லை எனப்படும் இடத்தில் ஏன் காணப்படவில்லை?

இவ்வினாவை எண்களைக் கொண்டு மட்டும் அணுகுதல் போதாது. ஓர் இயக்கத்தைப் பற்றி எழுந்த எழுத்துக்களிலும், அதனுள்ளிருப்போர் எழுதிய எழுத்துக்களிலும் அதன் கருத்துநிலை படிந்திருக்கும். அவ்வகையில் மூன்று எழுத்துக்களை இங்கு எடுத்துக்கொள்ளலாம். முதலாவது, 1984 இல் வெளியான ஸ்டீவன் லெவியின் 'ஹக்கர்ஸ்' என்னும் நூல். இரண்டாவது, எரிக் றேமண்ட் 1997 இல் வாசித்தளித்த 'தேவாலயமும் சந்தையும்' என்னும் கட்டுரை. மூன்றாவது, வலெரி ஓரோரா (அப்போது வல் ஹென்சன் என்னும் பெயரில் எழுதியவர்) 2002 இல் எழுதிய, லினக்ஸில் ஈடுபடப் பெண்களை ஊக்குவிப்பது எவ்வாறு என்பது பற்றிய கையேடு. முதலிரண்டும் உலகப் புகழ் பெற்றவை. மூன்றாவதற்கு அத்தகைய புகழ் கிட்டவில்லை.

ஹக்கர் என்னும் சொல் இன்று கணினித் திருடனைக் குறிப்பதாகிவிட்டது. லெவியின் நூலில் அது நிரலாக்கத்தில் தோய்ந்த ஆர்வலனையே குறிக்கும். மசாசுசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்து மாணவரிடையே உருவான ஒழுக்கநெறியை லெவி சில விதிகளாக வகுத்துரைக்கிறார். மனிதரை அவர்தம் ஆக்கத்தைக் கொண்டே மதிப்பிடவேண்டும், பட்டம், வயது, இனம், பதவி ஆகியவற்றைக் கொண்டல்ல என்பது அவற்றுள் ஒன்று. இப்பட்டியலிற் பால் இடம்பெறவில்லை. அவ்வட்டத்திற் பெண்கள் இல்லாமையை லெவி அறியாதவரல்லர். அதனைக் குறிப்பிட்டுவிட்டுக் கடந்து செல்கிறார்.

அந்நூலில் வரும் நிகழ்ச்சியொன்று சற்று விரிவாக நோக்கத்தக்கது. நிறுவகத்தின் பி.டி.பி.-1 என்னும் கணினியை மாணவர்கள் ஓரிரவு திறந்து, அதன் உட்கம்பிகளை மாற்றியமைத்தனர். அவர்களுடைய நிரல்கள் குறையின்றி இயங்கின. ஆனால், வானிலைக் கணிப்புக்காக அதே கணினியை முறைப்படி பயன்படுத்திவந்த மாகரெட் ஹமில்டனின் நிரல் இயங்க மறுத்தது. பிழை தம் நிரலில் இல்லை, இரவில் நடந்த மாற்றத்திலேயே உள்ளது என்பது பின்னரே தெரியவந்தது. லெவியின் நடையில் இது இளைஞரின் சாகசக் கதைகளுள் ஒன்றாக அமைகிறது. ஹமில்டன் அங்கு வெளியாள். அதிகாரபூர்வமான பாவனையாளர் என்ற அளவிலேயே கதைக்குள் வருகிறார். அதே நிகழ்ச்சியை ஹமில்டனின் இருக்கையிலிருந்து எழுதியிருப்பின், தம் பிழையல்லாத பிழையைத் தேடிப் பொழுதிழந்த ஒரு நிரலாளரின் கதையாக அது அமைந்திருக்கும். அவரோ பின்னர் அப்பொலோ விண்கலத்தின் பறப்பு மென்பொருளை ஆக்கிய குழுவுக்குத் தலைமை தாங்கியவர். அப்பணிக் காலத்தில் தம் சிறு மகளை இரவிலும் வார இறுதியிலும் ஆய்வுகூடத்துக்கு உடன் அழைத்துச் சென்றவர். கணினி எல்லோருக்கும் திறந்திருந்தது உண்மையே. அது திறந்திருந்த நேரம் நள்ளிரவு என்பதையும் சேர்த்தே வாசிக்கவேண்டும்.

றேமண்டின் கட்டுரை இத்தகைய கதைகளைக் கடந்து கோட்பாட்டை நோக்கிச் செல்கிறது. ஒரு சிலர் மூடிய அறைக்குள் அமைதியாகக் கட்டும் தேவாலயத்திலும், பலர் கூடிக் கூச்சலிடும் சந்தையிலேயே நல்ல மென்பொருள் உருவாகும் என்பது அவர் வாதம். மென்பொருளாக்கத்தின் முறையியலை விளக்கிய வகையில் அக்கட்டுரையின் முக்கியத்துவம் மறுக்கப்படக்கூடியதன்று. ஆனால் சந்தைக்கு வருவோர் யார், வீட்டில் அவர்களது வேலையை யார் பார்க்கிறார் என்னும் வினா அங்கு எழவேயில்லை. நிரலாளன் தன் சொந்தத் தேவையின் உந்துதலாலே தொடங்குகிறான் என்பது அவரது முதற் கோட்பாடு. அத்தொடக்கத்துக்கு ஓய்வுநேரம் வேண்டும். அது எல்லோருக்கும் ஒரே அளவில் வாய்த்திருப்பதாக அவர் கொள்கிறார். கொள்கிறார் என்பதைக்கூட அவர் உணர்ந்ததாகத் தெரியவில்லை. (சந்தை என்றதும் சுன்னாகத்தில் மரக்கறி பரப்பி விலைபேசும் பெண்களே நம் நினைவுக்கு வருவர். றேமண்டின் சந்தையில் அவர்கள் இல்லை.)

ஓரோராவின் கையேடு முற்றிலும் வேறான இடத்திலிருந்து எழுகிறது. அவர் லினக்ஸின் கருப்பகுதியிற் பணியாற்றிய நிரலாளர். அச்சுப்பொறியை இணைப்பது எப்படி, வலையமைப்பை நிறுவுவது எப்படி என விளக்கும் கையேடுகளின் வரிசையிலேயே இதுவும் வெளியிடப்பட்டது. இவ்வடிவத் தெரிவு பொருள் நிறைந்தது. பெண்களின் இன்மை விதியன்று, பழுது. பழுதைத் திருத்தலாம் என்பதை அவ்வடிவமே உணர்த்துகிறது. இதனினும் முக்கியமானது கையேடு யாரை விளித்துப் பேசுகிறது என்பதாகும். பெண்களே துணிந்து வாருங்கள் என அது அறைகூவவில்லை. உள்ளேயிருக்கும் ஆண்களை நோக்கியே பேசுகிறது. பெண்ணை இழிவுபடுத்தும் பகிடிகளை விடுங்கள், அவள் வந்ததும் உற்று நோக்காதீர்கள், உதவி கேட்டவளின் கையிலிருந்து விசைப்பலகையைப் பறித்து நீங்களே செய்துவிடாதீர்கள் என்றவாறு அறிவுரைகள் செல்கின்றன. விசைப்பலகை பற்றிய அறிவுரை மிக நுட்பமானது. உதவி செய்பவன் நல்லெண்ணத்துடனேயே செய்கிறான், கற்கவந்தவளோ பார்வையாளராகிவிடுகிறாள்.

எனினும் கையேடு பெரும்பாலும் தனிமனித நடத்தையின் எல்லைக்குள்ளேயே நின்றுவிடுகிறது. ஊதியம், நேரம், நிரலை ஏற்கும் அதிகாரம் என்பன அதில் உரிய இடம் பெறவில்லை. நல்லொழுக்கத்தால் மட்டும் தீராதது எவ்வளவு என்பதற்கு 2017 இல் வெளியான ஆய்வொன்று சான்று. கிற்ஹப் தளத்திற் பெண்கள் அனுப்பிய திருத்தங்களுள் ஏறத்தாழ 79 சதவீதம் ஏற்கப்பட்டன. ஆண்களுக்கு அது 75 சதவீதமளவிலேயே இருந்தது. ஆனால் திட்டத்துக்குப் புதியவரான ஒருவர் பெண் என அடையாளங்காணக்கூடியதாக இருந்தபோது, ஏற்கப்படும் வீதம் ஆண்களினதிலும் குறைந்தது. நிரலுக்குப் பால் இல்லை என்போர் இம்முடிவுக்கு விளக்கம் கூறக் கடமைப்பட்டவர்கள்.

பெண்களுக்கு இதில் ஆர்வமில்லை என்னும் வாதமும் நிலைக்கவில்லை. கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்திற் கணினி விஞ்ஞானம் பயிலச் சேர்ந்தோருள் பெண்கள் 1995 இல் 7 சதவீதத்தினர். 2000 இல் 42 சதவீதத்தினர். ஐந்தாண்டில் பெண்களின் இயல்பு மாறிவிடவில்லை. முன்னரே நிரலெழுதிப் பழகியிருத்தல் வேண்டும் என்பதற்கு அனுமதியில் அளிக்கப்பட்ட முதன்மையும், தொடக்கநிலைப் பாடங்களின் ஒழுங்கும் மாறின. திறந்த மூலத்திலும் இத்தகையதொரு நிகழ்ச்சி உண்டு. 2006 இல் கூகிளின் கோடைகாலத் திட்டத்தின் கீழ் க்னோம் என்னும் மென்பொருட்டிட்டத்துக்கு 181 விண்ணப்பங்கள் வந்தன. அவற்றுள் ஒன்றேனும் பெண்ணுடையதன்று. அதே ஆண்டில் க்னோம் பெண்களுக்கெனத் தனித்திட்டமொன்றை அறிவித்தது. சிறிது காலத்துள் நூறளவில் விண்ணப்பங்கள் வந்து சேர்ந்தன. அதுவரை அவர்கள் எங்கும் மறைந்திருக்கவில்லை. அழைப்பு தமக்குரியது என எண்ண அவர்களுக்குக் காரணம் கிடைத்திருக்கவில்லை.

மறீனா ஸுராகின்ஸ்கயாவின் முயற்சியால் 2010 இல் புத்துயிர் பெற்ற இத்திட்டம், 2015 இலிருந்து அவுட்றீச்சி என்னும் பெயருடன் பிற ஒதுக்கப்பட்ட பிரிவினரையும் உள்ளடக்கியது. பயிலுநருக்கு ஊதியமும் துணைநிற்கும் வழிகாட்டியும் உண்டு. றேமண்ட் காணத் தவறியதையும் ஓரோராவின் கையேடு போதியளவு பேசாததையும் இத்திட்டம் நடைமுறையில் எதிர்கொண்டது எனலாம். ஆயின் இதனையும் விமரிசனமின்றி ஏற்பதற்கில்லை. தெரிவு செய்யப்படுவதற்கு முன்னரே விண்ணப்பதாரி சில வாரங்கள் ஊதியமின்றி உழைத்துப் பங்களிப்பொன்றைச் செய்துகாட்டவேண்டும் என்பது அதன் விதி. ஆர்வத்தை அளவிட இது உதவும் என்பர். பகலில் வேலைக்குச் சென்று மாலையிற் பிள்ளையைப் பார்க்கும் பெண்ணொருத்திக்கு அந்த வாரங்கள் எங்கிருந்து கிடைக்கும் என்பதற்கு அவ்விதியில் விடை இல்லை.