சிவப்புப் புள்ளி சொன்ன அளவுகள்

கானாடுகாத்தானில், விடுதியாக மாற்றப்பட்ட பழைய செட்டிநாட்டு வீடு ஒன்றில் இரண்டு நாள் தங்கியிருந்தோம். திருமணமாகி எட்டு மாதம். மதுரைக்கு வெளியே மூன்று சென்ட் இடம் வாங்கிவிட்டு, எப்படிப்பட்ட வீடு கட்டுவது என்று போகிற ஊரிலெல்லாம் பேசிக்கொண்டிருந்த காலம் அது. வளவில் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தபோது என் கணவர், "நம்ம வீட்டுலயும் இந்த அளவுக்கு ஒரு முற்றம் வேணும்" என்றார். எந்த அளவுக்கு? அவர் பதினைந்து அடி என்றார், நான் பத்து என்றேன். பையில் இருந்த லேசர் அளவுமானியை எடுத்து, விடுதிக்காரரிடம் கேட்டுக்கொண்டு, ஒரு பக்கத்துத் தூணில் வைத்து எதிர்த் தூணில் சிவப்புப் புள்ளியை விழச் செய்தேன். பதினொரு அடி எட்டு அங்குலம். இருவர் மதிப்பும் தவறு. அந்த எண்ணை ஒரு நோட்டில் குறித்துக்கொண்டோம்.

இரண்டு ஆண்டுகளாக இந்தக் கருவி எங்களோடு இருக்கிறது. ஊர் சுற்றியபோதும், வீடு எழும்பியபோதும், இப்போது முதல் குழந்தைக்காக அறையைத் தயார் செய்யும்போதும் பயன்படுத்திப் பார்த்த பிறகே இதை எழுதுகிறேன். நான் சொல்வது ஒரு கம்பெனியின் பொருளைப் பற்றி இல்லை. கடைகளில் கிடைக்கும் 40 மீட்டர் வகை அளவுமானிகள் எல்லாமே ஏறக்குறைய இதே திறன் கொண்டவை.

என்னிடம் இருப்பது உள்ளங்கைக்குள் அடங்கும். பதினொரு சென்டிமீட்டர் நீளம், இரண்டு சின்ன பேட்டரி, விலை 2,400 ரூபாய். ஒரு முறை அழுத்தினால் புள்ளி விழும், இன்னொரு முறை அழுத்தினால் தூரம் திரையில் வரும். நீளம், அகலம் இரண்டையும் அடுத்தடுத்து அளந்தால் பரப்பைத் தானே கணக்கிட்டுச் சொல்லும். உயரத்தையும் சேர்த்தால் கன அளவு. எட்டாத உயரத்தை, சாய்வாக ஒன்று நேராக ஒன்று என இரண்டு அளவெடுத்து, பள்ளிக்கூடத்தில் படித்த பிதாகரஸ் கணக்கின்படி கண்டுபிடிக்கும். துல்லியம் 2 மி.மீ. கூடவோ குறையவோ.

அந்த 2 மி.மீ. சாதாரண விஷயம் இல்லை. ஒளி ஒரு மீட்டரைக் கடக்க 3.3 நானோ வினாடிதான் எடுத்துக்கொள்ளும். நான்கு மீட்டர் அறையில் போய்த் திரும்ப 27 நானோ வினாடி. இதில் 2 மி.மீ. வேறுபாட்டைப் பிடிக்க வேண்டுமானால் ஒரு வினாடியைக் கோடிக்கணக்கில் கூறுபோட்டால்கூடப் போதாது. லட்சம் கோடியில் 13 பங்கு என்ற அளவுக்குக் காலத்தை அறுக்க வேண்டும். இந்த விலைக் கருவியில் அது நடக்காது. அதனால் ஒளியின் பிரகாசத்தை மிக வேகமாக ஏற்றி இறக்கி, அலை அலையாக அனுப்புகிறார்கள். சுவரில் பட்டுத் திரும்பி வரும் அலை, புறப்படும் அலையைவிட எவ்வளவு பின்தங்கியிருக்கிறது என்று ஒப்பிட்டுத் தூரத்தைக் கணிக்கிறார்கள். இதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து அந்தப் புள்ளியை எனக்கு ரொம்பப் பிடித்துப்போனது.

வீடு கட்டுகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது, கருவியை வேலை தொடங்கும்போது வாங்காதீர்கள், ஓராண்டு முன்னதாக வாங்குங்கள் என்பதுதான். ஓர் அறைக்குள் நுழைந்ததுமே உடம்புக்குத் தெரிந்துவிடுகிறது, இங்கே இருக்கலாம் என்று. ஆனால் இன்ஜினியரிடம் போய் "அந்த மாதிரி அறை வேணும்" என்றால் அவர் என்ன வரைவார்? பத்துக்குப் பத்து என்பார், நமக்கும் அது காகிதத்தில் பெரிதாகத் தெரியும். நாங்கள் தங்கிய விடுதிகள், சித்தி வீட்டு அடுக்களை, நண்பரின் படுக்கையறை என்று மனதுக்குப் பிடித்த இடத்தையெல்லாம் அளந்து நோட்டில் எழுதினோம். பிடிக்காததையும்தான். வாடகை வீட்டின் எட்டடி அடுக்களையில் ஒருவர் சமைக்கும்போது இன்னொருவர் குளிர்சாதனப் பெட்டியைத் திறக்க முடியாது. அதன் நடைபாதை இரண்டடி ஐந்து அங்குலம். புது வீட்டில் அதை மூன்றரை அடியாக்கியதற்கு அந்த ஒரு வரிதான் காரணம். வரைபடத்தோடு உட்கார்ந்தபோது எங்களுக்குள் சண்டையே வரவில்லை என்று சொல்ல மாட்டேன். வந்தது, ஆனால் நோட்டைத் திறந்ததும் தீர்ந்துவிட்டது.

வேலை தொடங்கியதும் கருவியின் எல்லைகள் தெரிந்தன. மனையை அளக்க வெளியே கொண்டுபோனால் பட்டப்பகலில் எட்டு மீட்டருக்கு அப்பால் புள்ளி எங்கே விழுகிறது என்றே தெரியவில்லை. எல்லைக்கல் முழங்கால் உயரம்கூட இல்லை. ஒளி பட்டுத் திரும்ப அங்கே சுவர் ஏது? கல்லின் மேல் ஒரு பலகையை நிறுத்தி, வெள்ளை அட்டை ஒட்டி, மாலை ஆறு மணிக்கு மேல் அளந்தோம். அப்போது பிசகவில்லை. கடைக்கால் போடுவதற்கு இதை நம்பவும் வேண்டாம். முளை அடித்து, நூல் கட்டி, மூலைக்கு மூலை குறுக்களவு பார்க்கும் பழைய முறைக்கு ஈடு எதுவும் இல்லை.

எங்கள் மேஸ்திரி அறுபது வயதைத் தொட்டவர். முதலில் கருவியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவருடைய அளவு அடி, அங்குலம், நூல். அங்குலத்தில் எட்டில் ஒன்று ஒரு நூல், அதாவது 3 மி.மீ. சொச்சம். கருவியின் பிழை அவருடைய ஒரு நூலுக்குள் அடங்கிவிடுகிறது என்று நான் விளக்கிய பிறகுதான் கையில் வாங்கினார். அடுத்த வாரத்திலிருந்து, "என்னம்மா, லைட்டு என்ன சொல்லுது?" என்று அவரே கேட்க ஆரம்பித்தார். ஆனால் நான்கு மூலைக்கும் ஒரே மட்டம் வைக்க வேண்டிய நாளில், பையிலிருந்து நீளமான பிளாஸ்டிக் குழாயை எடுத்துத் தண்ணீர் ஊற்றி, குமிழி இல்லாமல் பார்த்துக்கொண்டு, இரண்டு முனையிலும் நீர் நிற்கும் இடத்தில் கோடு போட்டார். அந்த வேலை அளவுமானிக்குத் தெரியாது. அது தூரத்தைச் சொல்லும். மட்டத்தையும் நேர்குத்தையும் சொல்லாது. மட்டக்குழாயும் தூக்குக்குண்டும் இருக்கிற வேலையிடத்தில்தான் லேசருக்கும் மதிப்பு.

அது சரியாக உதவிய இடம் அறைகளின் மூலைமட்டம். படுக்கையறையில் ஆத்தங்குடிக் கல் பதிக்க முடிவு செய்திருந்தோம். அறை கோணலாக இருந்தால் ஓரத்துக் கற்களை ஆப்பு மாதிரி சாய்வாக வெட்ட வேண்டியிருக்கும், பூவேலைக் கரை சுவரோடு ஒட்டாமல் விலகிக்கொண்டே போகும். இரண்டு குறுக்களவையும் எடுத்தேன். ஒன்றேகால் அங்குலம் வித்தியாசம். பூச்சு வேலை இன்னும் முடியாததால் மேஸ்திரி ஒரு சுவரில் கனத்தைக் கூட்டி அதைச் சரிசெய்துவிட்டார். டேப்பில் பதினாறு அடிக் குறுக்களவை ஒருவரே எடுக்க முடியாது, நடுவில் தொய்ந்துவிடும்.

இரண்டு பிழைகளைப் பற்றி அவசியம் சொல்ல வேண்டும். கருவியைச் சற்றே சாய்த்துப் பிடித்தாலும் அளவு கூடிவிடும். நான்கு மீட்டரில் ஐந்து டிகிரி சாய்ந்தால் 15 மி.மீ., அரை அங்குலத்துக்கும் மேல். தொடர்ந்து அளக்கும் வசதியைப் போட்டுவிட்டு, கையை மெல்ல மேலும் கீழும், இடமும் வலமும் அசைத்து, வருவதில் மிகக் குறைந்த எண்ணை எடுத்துக்கொள்வதே வழி. இரண்டாவது, எந்த விளிம்பிலிருந்து அளக்கிறது என்பது. வழக்கமாகப் பின்விளிம்பு. ஒரு பொத்தான் தவறி அழுந்தி முன்விளிம்புக்கு மாறியிருந்ததைக் கவனிக்காமல், பின்பக்கத்தைச் சுவரில் வைத்து அடுக்களை மேடைக்கு அளவெடுத்தேன். கருவியின் நீளமான 11 செ.மீ. குறைந்துபோனது. கிரானைட் வெட்டி வந்துவிட்டது. துண்டு வைத்து ஒட்டினோம். அடுப்புக்கு வலப்பக்கம் அந்த இணைப்பு இன்றைக்கும் தெரிகிறது. ஒவ்வொரு முறையும் திரையின் ஓரத்தில் இருக்கும் சிறு அம்புக்குறியைப் பார்த்துவிட்டு அழுத்துங்கள். கண்ணாடியிலும் பளபளக்கும் கல்லிலும் புள்ளி விழுந்தாலும் அளவு தாறுமாறாக வரும். ஒரு காகிதத்தை ஒட்டிக்கொண்டால் போதும்.

பணக் கணக்குக்கு வருகிறேன். ஒப்பந்தக்காரர் சதுர அடிக்கு 2,200 ரூபாய் என்று பேசியிருந்தார். கடைசிப் பட்டியலில் மொத்தப் பரப்பு நான் அளந்ததைவிட 38 சதுர அடி கூடுதல். மாடிப்படிக்கு மேலிருக்கும் அறையின் அளவில், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் சன்ஷேடையும் சேர்த்திருந்தார்கள். 83,600 ரூபாய். அவரைக் கூப்பிட்டு, அவர் கையிலேயே கருவியைக் கொடுத்து, இருவருமாக மறுபடி அளந்தோம். குரலை உயர்த்த வேண்டிய தேவையே வரவில்லை. அவர் திருத்திக் கொடுத்தார். கருவி வாங்கிய காசு எத்தனை மடங்காகத் திரும்பியது என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

கூரைக் கான்கிரீட் போட்ட மாதத்தில்தான் நான் உண்டாகியிருப்பது தெரிந்தது. வாசக்கால் முன்பே வைத்திருந்தோம். வயிற்றில் பிள்ளை இருக்கும்போது புது வீட்டுக்குப் பால் காய்ச்சக் கூடாது என்று அத்தை சொன்னார்கள், சரி என்றோம். அதனால் அவசரம் குறைந்தது. பூச்சுக்கும் தரைக்கும் நிதானமாக நேரம் கிடைத்தது.

இந்த மாதங்களில்தான் கருவியின் உண்மையான அருமை எனக்குப் புரிந்தது. டேப் என்றால் ஒருவர் முனையைப் பிடிக்க வேண்டும், ஒருவர் குனிய வேண்டும். கணவர் வேலைக்குப் போய்விட்ட நேரத்தில், ஆறு மாத வயிற்றோடு, குனியாமல், ஸ்டூலில் ஏறாமல், நின்ற இடத்திலிருந்தே கூரை உயரத்தையும் ஜன்னல் அகலத்தையும் நானே அளந்தேன். எந்த விளம்பரத்திலும் இதைச் சொல்லி நான் பார்த்ததில்லை. கர்ப்பிணிப் பெண்ணுக்கும், முதுகுவலிக்காரருக்கும், தனியாக வீட்டு வேலையைக் கவனிக்கும் வயதானவருக்கும் இது டேப்பைவிட எத்தனையோ மேல்.

அதற்கு முன், ஐந்தாம் மாதத்தில், மருத்துவரைக் கேட்டுக்கொண்டு, ரயிலில் திருவனந்தபுரம் போய் வந்தோம். தம்பானூரில் லாரி பேக்கர் வடிவமைத்த இந்தியன் காபி ஹவுஸைப் பார்க்க வேண்டும் என்பது கணவருடைய நெடுநாள் ஆசை. செங்கல் சுவரில் வரிசையாகத் துளைகள் விட்டு, சுருள் சுருளாக மேலே ஏறும் சாய்தளத்தின் ஓரத்திலேயே மேசைகள். அங்கே அளவுமானி திணறிவிட்டது. வளைந்த சுவரில் கை அசைய அசைய எண் மாறுகிறது, எதை எடுத்துக்கொள்வது? பையில் வைத்துவிட்டேன். ஆனால் அந்தச் சாய்தளத்தில் மூச்சு வாங்காமல் ஏறினேன். விடுதிக்குத் திரும்பியதும் மாடிப்படியில் நான்காவது படியிலேயே நின்றேன். படியின் உயரத்தை அளந்தேன்: ஏழே முக்கால் அங்குலம்.

நம் தேசியக் கட்டட விதித்தொகுப்பு குடியிருப்புகளுக்கு அனுமதிக்கும் அதிகபட்சப் படி உயரம் 190 மி.மீ., ஏறக்குறைய ஏழரை அங்குலம். மிதியின் அகலம் 250 மி.மீ.க்குக் குறையக் கூடாது. எங்கள் வரைபடத்தில் ஏழு அங்குல உயரத்தில் 18 படி. விதிக்குள்தான் இருந்தது. ஆனாலும் ஊருக்கு வந்து, இன்னும் கட்டாமல் இருந்த படியை ஆறு அங்குலமாக மாற்றினோம். பத்தரை அடி ஏற்றத்துக்கு 21 படி. மூன்று படி கூடியதால் இரண்டரை அடி இடம் கூடுதலாகத் தேவைப்பட்டது; சாமான் அறையைச் சுருக்கிக்கொண்டோம். நாளைக்கு இடுப்பில் பிள்ளையோடு நான் ஏற வேண்டிய படி, பிறகு அந்தப் பிள்ளையே தவழ்ந்து ஏறப் போகிற படி.

வாங்குவதானால் அடி, அங்குலத்தில் காட்டுகிற வசதி, தொடர் அளவு, பிதாகரஸ் அளவு இந்த மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். 40 மீட்டருக்கு மேல் வீட்டுக்குத் தேவையில்லை. ஃபோனோடு இணைத்து வரைபடம் போடும் வகைக்கு இன்னும் காசு கொடுப்பதற்குப் பதில் நோட்டும் பென்சிலும் வைத்துக்கொள்ளலாம்.

சின்ன அளவுகளில் மட்டும் அது கைவிட்டுவிடுகிறது. பால்கனி கிரில்லில் கம்பிகளுக்கு இடையே குழந்தையின் தலை நுழையக் கூடாது, 10 செ.மீ. இடைவெளியைத் தாண்டக் கூடாது என்று பல நாடுகளில் விதியே இருக்கிறது. வெல்டர் மாதிரிக்குக் கொண்டுவந்த கிரில்லில் கருவியை வைத்து அழுத்தினேன். பிழை என்று காட்டியது. 15 செ.மீ.க்குக் குறைவான எதையும் அதனால் அளக்க முடியாது. அம்மாவின் தையல் டேப்பை எடுத்துப் பிடித்தேன்: ஐந்து அங்குலம். மூன்றரைக்கு மாற்றித் தரச் சொன்னேன்.

இன்னொன்று, கருவியின் முதுகில் ஒட்டியிருக்கும் மஞ்சள் ஸ்டிக்கர். இரண்டாம் வகுப்பு லேசர், ஒரு மில்லிவாட்டுக்குள். தெரியாமல் கண்ணில் பட்டால் பெரியவர்கள் கால் வினாடிக்குள் இமையை மூடிவிடுவார்கள், அதுவே பாதுகாப்பு. பளிச்சென்று எதைப் பார்த்தாலும் உற்றுப் பார்க்கிற பச்சைப் பிள்ளையிடம் அந்த நம்பிக்கையை வைக்க முடியாது. தூளிக் கொக்கிக்கும் மின்விசிறிக்கும் நடுவே எவ்வளவு இடம் என்று போன வாரம் அளந்ததுதான் கடைசி: நான்கடி இரண்டு அங்குலம். பேட்டரியைக் கழற்றி, உறையில் போட்டு, பரணில் ஏற்றியாயிற்று. தையல் டேப் மட்டும் ஜன்னல் திட்டில் கிடக்கிறது. சேலையைக் கட்டித் தொங்கவிட்டு, தூளியின் அடிப்பாகம் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் நிற்கிறது என்று நாளைக் காலையில் பார்க்க வேண்டும்.