அங்கே அவருக்கு என்ன வேலை?



திருத்தணி மலைக்கும் ஸ்ரீஹரிகோட்டாவுக்கும் நேர்கோட்டில் அளந்தால் ஏறக்குறைய 90 கிலோமீட்டர்தான். வானம் தெளிந்த நாளில் அங்கே ராக்கெட் கிளம்பினால், வடகிழக்கில் வெண்புகைக் கோடு எழுகிறதா என்று எங்கள் மாணவர்கள் மலைமேல் நின்று பார்ப்பதுண்டு. அவர்களில் பலர் அப்துல் கலாமின் ‘அக்னிச் சிறகுகள்’ நூலைப் படித்தவர்கள்.

அவர்களுள் ஒருவர் பொதட்டூர்ப்பேட்டை நெசவாளர் வீட்டுப் பிள்ளை. நூலைப் படித்து முடித்ததும் தந்தையிடம் பெருமையோடு சொல்லியிருக்கிறார். தந்தை கேட்டாராம்: “எல்லாம் சரிப்பா. அங்கே அவருக்கு என்ன வேலை? காலையில போனா சாயங்காலம் வரைக்கும் என்ன செஞ்சாரு?”

மாணவருக்குப் பதில் தெரியவில்லை. என்னிடம் வந்தார். இயற்பியல் ஆசிரியனாகிய எனக்கும் உடனே சொல்ல வரவில்லை. ஆகவே அந்த ஒரு கேள்வியை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு நூலை மறுபடியும் படித்தேன். படித்ததில் கண்ட நிறையையும் குறையையும் உங்கள்முன் வைக்கிறேன்.

கலாம், அருண் திவாரியுடன் சேர்ந்து எழுதிய ஆங்கில நூல் 1999-இல் வெளிவந்தது. தமிழில் தந்தவர் மு. சிவலிங்கம். இராமேசுவரத்துப் பிள்ளைப் பருவம், எஸ்.எல்.வி.-3 ராக்கெட், பின்னர் ஏவுகணைகள் என நூல் விரிகிறது. இளைஞர்களுக்கு ஊக்கமூட்டுவதில் இதற்கு இணையான தன்வரலாறுகள் தமிழில் சிலவே எனலாம். ஆனால் ஊக்கம் வேறு, விளக்கம் வேறு. நெசவாளர் கேட்டது விளக்கத்தை.

அதை நூல் மிக நன்றாகத் தரும் இடம் ஒரு தோல்வியைச் சொல்லும் இடமே. 1979 ஆகஸ்டு 10-ஆம் நாள். 23 மீட்டர் உயரமும் 17 டன் எடையும் கொண்ட நான்கு அடுக்கு ராக்கெட் கிளம்புகிறது. முதல் அடுக்கு ஒழுங்காக வேலை செய்கிறது. இரண்டாம் அடுக்கில் கட்டுப்பாடு தவறுகிறது. 317 வினாடிகளில் எல்லாம் முடிந்து, ராக்கெட் கடலில் விழுகிறது. காரணம் என்ன? ஒரு வால்வில் புகுந்த தூசி!

இது எவ்வாறு என்று காண்போம். ஆடிக் கிருத்திகையன்று காவடி சுமந்து படியேறுவோரைப் பார்த்திருப்பீர்கள். கால்கள் அவரை மேலே ஏற்றுகின்றன. தோளோ, ஒவ்வொரு படியிலும் சற்றே சாய்ந்தும் நிமிர்ந்தும் காவடியை நேராக நிறுத்துகிறது. ராக்கெட்டில் பெரிய எஞ்சின் காலைப் போன்றது. பக்கவாட்டில் உள்ள சிறு எஞ்சின்கள் தோளைப் போன்றவை. அந்த ராக்கெட்டின் இரண்டாம் அடுக்கில் இச்சிறு எஞ்சின்களுக்கு எரிபொருள் ஒன்றும் நைட்ரிக் அமிலமும் தேவை. இரண்டும் சேர்ந்தால்தான் விசை பிறக்கும். கிளம்புவதற்குச் சில நிமிடங்களுக்கு முன் திறந்த அமில வால்வு, தூசியினால் மூடாமல் நின்றுவிட்டது. அமிலம் ஒழுகிப் போயிற்று. தேவைப்பட்ட நேரத்தில் எரிபொருள் மட்டும் வந்தது, விசை பிறக்கவில்லை. கால் வலுவாயிருந்தும் தோள் செயலிழந்தது.

இந்தப் பகுதியைப் படிப்பவருக்குப் பொறியியலாளரின் வேலை விளங்கிவிடுகிறது. வால்வு திறந்தது தெரிந்தால் போதாது, மூடியதும் தெரிய வேண்டும். அதைச் சோதிக்க ஒரு வழி வேண்டும். சோதனை பொய் சொன்னால் கண்டுபிடிக்க இன்னொரு வழி வேண்டும். 1980 ஜூலை 18-இல் அதே வகை ராக்கெட் ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் சேர்த்தது. அதற்குத் தேவையான வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 8 கிலோமீட்டர். அந்த வேகத்தில் சென்றால் திருத்தணியிலிருந்து சென்னைக்குப் பதினொரு வினாடி போதும்!

இனிக் குறைக்கு வருவோம். எஸ்.எல்.வி.-3-இல் 44 பெரிய உட்தொகுதிகள், 250-க்கு மேற்பட்ட துணைத் தொகுதிகள், பத்து லட்சத்துக்கும் மேலான உறுப்புகள் என்று நூல் கூறுகிறது. இவற்றையெல்லாம் குறித்த காலத்தில் ஒன்றுசேர்ப்பதே திட்டத் தலைவராக இருந்த கலாமின் வேலை. ஆனால் பத்து லட்சம் என்ற எண் நம்மை வியக்க வைக்கிறதே தவிர எதையும் கற்பிப்பதில்லை. நமக்குக் கற்பித்தது ஒரே ஒரு வால்வு. அதுபோல் ஓர் உறுப்பை, வரைபடத்திலிருந்து பட்டறைக்கும் சோதனைக்கூடத்துக்கும் ஏவுதளத்துக்கும் பின்தொடர்ந்து காட்டியிருந்தால் நெசவாளருக்கு விடை கிடைத்திருக்கும். அதற்குப் பதிலாக நிறுவனங்களின் சுருக்கப் பெயர்களும் குழுக்களின் பெயர்களும் அடுத்தடுத்து வருகின்றன. வெளியார் அங்கே வழி தவறிவிடுகிறார்.

“இது தன்வரலாறு, பாடநூல் அன்று” என்று சிலர் கூறலாம். உண்மைதான். ஆயினும் வேலையை விளக்காமல் விட்டால் என்ன நேரும் என்பதற்கு நூலிலேயே சான்று இருக்கிறது. 1989-இல் அக்னி ஏவுகணை இருமுறை கடைசி வினாடிகளில் நிறுத்தப்பட்டது. கருவியொன்றில் ஐயம் எழுந்ததும் கணிப்பொறி ‘நில்’ என்றது, நின்றார்கள். பத்திரிகைகளோ கேலிச்சித்திரம் போட்டன. அவ்வாண்டு மே 22-இல் அக்னி கிளம்பியது. ஐயம் எழுந்தால் நிறுத்துவதும் வேலையின் ஒரு பகுதியே என்று மக்களுக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. அதனால் எச்சரிக்கை தோல்வியாகத் தோன்றியது. வரிப்பணத்தில் நடக்கும் வேலையை வரி கட்டுபவர் புரிந்துகொள்ளாவிட்டால், கைதட்டவோ கேலி செய்யவோதான் அவரால் முடியும். சரியான கேள்வி கேட்க முடியாது.

மாணவ நண்பர்களே, ‘அக்னிச் சிறகுகள்’ நூலைக் கட்டாயம் படியுங்கள். 1979, 1989 ஆண்டுகளைப் பற்றிய பக்கங்களை இருமுறை படியுங்கள். எந்தத் தொழில்நுட்பப் பணியைப் பற்றிப் படித்தாலும் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்: இவர் எதைக் கவனிக்கிறார்? அது கெட்டால் என்ன ஆகும்? கெட்டுவிட்டது என்பது இவருக்கு எப்படித் தெரியும்? விடைகளை உங்கள் வீட்டாருக்குப் புரியும் சொற்களில் சொல்லிப் பாருங்கள்.

எங்கள் மாணவர் அந்த வால்வின் கதையைத் தந்தைக்குச் சொன்னார். “அறுந்த இழையைப் பார்க்காம விட்டா சேலை முழுக்கத் தெரியும். அந்த வேலைதானா? அப்போ கஷ்டமான வேலைதான்” என்றாராம் தந்தை. என் வகுப்பில் நான் சொன்ன எந்த விளக்கமும் இவ்வளவு சுருக்கமாக அமைந்ததில்லை.