தூத்துக்குடியில் ஆடாத தூத்துக்குடி அணி

2016 செப்டம்பர் 18, சேப்பாக்கம். தமிழ்நாடு பிரீமியர் லீகின் முதல் இறுதிப்போட்டி. டூட்டி பேட்ரியாட்ஸ் 20 ஓவரில் 2 விக்கெட்டுக்கு 215. பதிலுக்கு ஆடிய சேப்பாக் சூப்பர் கில்லீஸ் 93 ரன்னில் சுருண்டது. கோப்பைக்கான ஆட்டத்தில் 122 ரன் வித்தியாசம்! டி20-யில் இப்படித் தோற்கும் அணி பாதி வழியிலேயே பையைக் கட்டத் தொடங்கிவிடும்.

தூத்துக்குடியின் ஆங்கிலப் பெயரான டூட்டிகோரினின் வாலை நறுக்கினால் டூட்டி. வ.உ.சி.யின் சீமை என்பதால் பேட்ரியாட்ஸ். பெயர்ப் பொருத்தம் சரிதான். ஆள் பொருத்தம் அதைவிடச் சரி. அபினவ் முகுந்த், தினேஷ் கார்த்திக் என்று இந்தியாவுக்கு ஆடிய இருவர். கூடவே கௌசிக் காந்தி. ஒருவர் நங்கூரம் பாய்ச்சுவார், இன்னொருவர் பாய் விரிப்பார். அந்த இறுதிப்போட்டியில் விழுந்தது இரண்டே விக்கெட் என்பதைத்தான் நான் ஸ்கோரைவிடப் பெரிதாகப் பார்க்கிறேன். பின்வரிசைக்கு வேலையே வைக்கவில்லை. துரத்துகிறவனுக்கு முதல் பந்திலிருந்தே ஓவருக்கு 10 ரன்னுக்கு மேல் தேவை. அந்த நெருக்கடியில் சுழலைத் தூக்கி அடிக்கப் போனால் என்ன ஆகும்?

ராக் இசையில் இப்படி நட்சத்திரங்கள் ஒன்றுசேரும் கூட்டணிக்கு சூப்பர் குரூப் என்று பெயர். 1969-இல் எரிக் கிளாப்டன், ஸ்டீவ் வின்வுட், ஜிஞ்சர் பேக்கர், ரிக் கிரெச் சேர்ந்த ‘பிளைண்ட் ஃபெய்த்’ ஒரே ஒரு ஆல்பம் போட்டது. அது பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் முதலிடம் பிடித்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் குழு கலைந்துவிட்டது. அவ்வளவு தூரம் போவானேன், நம் கடற்கரையிலேயே சலாபம் இருந்ததே. முத்துக் குளிப்பு அறிவித்ததும் எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்து இறங்குவார்கள். மணலில் ஒரு கூடார ஊரே முளைக்கும். சீசன் முடிந்தால் சிப்பி ஓடும் நாற்றமும்தான் மிச்சம். அந்தச் சலாபமும் 1961-க்குப் பிறகு பெரிதாக நடக்கவில்லை.

பேட்ரியாட்ஸ் எடுத்த முத்து என்றால் வாஷிங்டன் சுந்தர். 2017 சீசனின் பெரும்பகுதியில் அபினவ் டெஸ்ட் அணியோடு இலங்கையில் இருந்தார். காலேயில் 81 அடித்தார். இங்கே பாரம் 17 வயதுப் பையன் தோளில் விழுந்தது. ஆஃப் ஸ்பின்னர் என்று அறியப்பட்டவர், மட்டையைத் தூக்கிக்கொண்டு 459 ரன் குவித்தார். 15 விக்கெட்டும் சாய்த்தார். தொடர் நாயகன் வேறு யாராக இருக்க முடியும்? அந்த டிசம்பரிலேயே இந்திய அணிக்குள் நுழைந்துவிட்டார்.

ஆனால் 2017 இறுதிப்போட்டியில் சேப்பாக் பழைய கணக்கைத் தீர்த்தது, 6 விக்கெட்டில். முதல் ஆண்டு பலர் தூக்கிய பல்லக்கை இரண்டாம் ஆண்டு ஒருவர் பெரும்பாலும் தனியாகச் சுமந்தார் என்பது என் கணிப்பு. 2018, 2019 இறுதிப்போட்டிகளில் டூட்டி இல்லை.

எனக்கு உறுத்துவது தோல்வியல்ல. அந்த நான்கு ஆண்டும் ஆட்டங்கள் சேப்பாக்கம், நத்தம், திருநெல்வேலி சங்கர் நகர் என்றே நடந்தன. தூத்துக்குடிப் பையன் தன் ஊர் அணியைப் பார்க்க வேண்டுமென்றால் நெல்லைக்கு பஸ் ஏற வேண்டியிருந்தது. ஊருக்குள் இருக்கும் தருவை மைதானத்தைச் சுற்றிக் குடியிருந்தவர்களுக்கும் அது டிவியில் வந்த அணிதான். பெயரை மட்டும் இரவல் கொடுத்த ஊர் எப்படி உரிமை கொண்டாடும்?

அதனால் 2020-இல் அணி பெயர் மாறி சேலம் ஸ்பார்ட்டன்ஸ் ஆனபோது இங்கே பெரிய சலசலப்பு எழாததில் எனக்கு வியப்பில்லை. அந்த ஆண்டு கொரோனாவால் தொடரே நடக்கவில்லை. 2021-இல் லீக் திரும்பியபோது அட்டவணையில் நெல்லை இருந்தது, திருப்பூர் இருந்தது, சேலம் இருந்தது.